குரோதா மாஸ்டர் மேல் எனக்குள்ள பொறாமை

மேடையில் இருக்கும் பெரியோர்களே, ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்தும் சாமராஜநகரிலிருந்தும் வந்திருக்கும் கராத்தே மாணவர்களே, எல்லோருக்கும் கந்தசாமியின் வணக்கம். குரோதா மாஸ்டருடைய மைசூர் பள்ளிக்கு நான்தான் காவலாள். இந்த உரையை என் கையாலேயே எழுதினேன். போன வருடம்தான் எழுத்துக் கற்றேன். மெதுவாகத்தான் வாசிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டரை எல்லோரும் புகழ்ந்துவிட்டீர்கள். எனக்கு அவர் மேல் பொறாமை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தரை துடைக்கவும் சேர்த்துத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். ஆனால் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு வரிசையில் குனிந்து அவரே ஈரத்துணியால் துடைப்பார். துணியைக் கேட்டால், "இதுவும் பாடம் அண்ணா, நீங்க உக்காருங்க" என்பார். என் வேலையையும் எடுத்துக்கொண்டு என்னையும் உட்காரவைத்தால் எனக்கு எப்படி இருக்கும்?

ஒருமுறை ஊருக்குப் போக பஸ் நிலையத்தில் விழித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் கன்னடப் பலகையை வாசித்து, "ராமாபுரம் பஸ் இதுதான், ஏறுங்க அண்ணா" என்றார். என் ஊர் பஸ்ஸை ஜப்பான்காரர் எனக்குக் காட்டுவதா? அந்த ரோசத்தில்தான் கன்னடம் படித்தேன். அவரை முந்த வேண்டுமென்று தமிழும் படித்தேன். அவருக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். என் பெயரை எழுதிக் காட்டியபோது இடுப்பு வரை குனிந்து எனக்கு வணக்கம் வைத்தார். ஜெயித்த சந்தோஷத்தைக்கூட என்னிடம் விட்டுவைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், என் மகள் ஜோதிமணி. நான் கூப்பிட்டால், "இருப்பா, வர்றேன்" என்பாள். அவர் பார்த்தாலே எழுந்து நிற்பாள். அவரிடமே கறுப்பு பெல்ட் வாங்கி, அவருக்கு அடுத்த ஆசிரியராகவும் ஆனாள். அவர் போன நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, வகுப்பும் எடுக்கவில்லை. நான் போனால் இவ்வளவு அழுவாளா? கேட்டே விட்டேன்.

"ஏப்பா, செத்தவரோடயுமா போட்டி போடுவ?" என்றாள்.

ஆமாம், போடுவேன்.

பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் திரும்பிப் போகிறார்கள். பெற்றோர்கள் வேறு இடம் விசாரிக்கிறார்கள். கடல் தாண்டி வந்து அவர் கட்டிய பள்ளி அவரோடு போகலாமா? போக விடலாமா?

ஜோதி, அம்மணி, இந்தச் சபை முன்னால் சொல்கிறேன். நாளைக் காலையில் கதவைத் திறப்பேன். நீ வந்தால் ஓரமாக நின்றுகொள்வேன். வராவிட்டால் நானே முன்னால் நின்று பாடம் நடத்துவேன். கையை எங்கே வைப்பது, காலை எப்படித் தூக்குவது, எனக்கு ஒன்றும் தெரியாது. அத்தனை பிள்ளைகளும் தப்பாகவே படிப்பார்கள். கேட்பவர்களிடமெல்லாம், குரோதா மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது இதுதான் என்று சொல்வேன்.