கேடயம் மேசையிலேயே இருக்கட்டும்

இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் பெரிய டாக்டர் சென்னிமலை ஐயா அவர்களே, மருத்துவமனையின் நிர்வாகப் பெருமக்களே, கண் துஞ்சாமல் நோயாளிகளைக் காக்கும் செவிலியர்களே, மோகனூரிலிருந்தும் நாமகிரிப்பேட்டையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முதல் வரிசையில் அமர்ந்து 'பார்த்துப் பேசுங்க' என்று கண்ணாலேயே மிரட்டும் என் மனைவி வசந்தாமணியே, எல்லோரையும் வணங்குகிறேன்.

'பிழையே நடக்காத வார்டு' என்று பொறித்த கேடயத்தைப் பெண்கள் வார்டுக்கு வழங்க, லாரிப் பட்டறைக்காரனான என்னை அழைத்திருக்கிறீர்கள். பளபளக்கிறது, பார்க்கவும் அழகுதான். ஆனால் பிழையே நடக்கவில்லையா?

போன மாசியில் அந்த வார்டில் இரண்டு வசந்தாமணிகள். சிரிக்கிறீர்கள். நம் பக்கம் தெருவுக்கு நாலு வசந்தாமணி உண்டுதான். சர்க்கரை நோயாளிக்குப் போட வேண்டிய இன்சுலினை, சர்க்கரையே இல்லாத என் மனைவிக்குப் போட்டுவிட்டார் செவிலியர் தனப்பிரியா. வேர்த்துக் கொட்டியது, கண் செருகியது, என் கையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

அப்போது மேற்பார்வைச் செவிலியர் அந்தப் பெண்ணிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. "வாயைத் தொறக்காத சாமி. வெயிலு மயக்கம்னு சொல்லிக்கலாம். கேடயம் கைவுட்டுப் போயிருமுல்ல."

தனப்பிரியா மருத்துவரிடம் ஓடினார். "ஆள் மாத்தி ஊசி போட்டுட்டேனுங்க டாக்டர். தப்பு என்னுதுங்க." உடனே குளுக்கோஸ் ஏறியது, உயிர் திரும்பியது.

அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்தீர்கள்? மாலையா? மரியாதையா? மறுநாளே வேலையை விட்டு நிறுத்தினீர்கள். மறைக்கச் சொன்ன வார்டுக்கு இன்று மகுடம் சூட்டுகிறீர்கள்.

கைதட்டாதீர்கள் தாய்மார்களே, எனக்கு எரிச்சலாக இருக்கிறது. 'சக்கரத்து நட்டை முறுக்க மறந்துட்டேனுங்க' என்று மெக்கானிக் ஓடி வந்து சொன்னால், போன லாரியைத் துரத்துவோமா, அவரைத் துரத்துவோமா? அவரைத் துரத்தினால், அடுத்த நட்டு கழன்றால் எவர் சொல்வார்? அடுத்த ஊசி மாறினால் எவர் வாய் திறப்பார்? அந்தக் கட்டிலில் படுத்திருப்பது உங்கள் வீட்டு வசந்தாமணியாக இருந்தால்?

தலைவர் மணியடிக்கிறார், முடிக்கிறேன் ஐயா. இந்தக் கேடயத்தை நான் கொடுக்க மாட்டேன். தனப்பிரியா வேலைக்குத் திரும்பும் நாளில் கூப்பிடுங்கள், ஓடி வருகிறேன். என்னை அதட்டுவதற்கு என் மனைவி இன்று உயிரோடு முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்றால், அன்று அந்தப் பெண் வாய் திறந்ததால்தான்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும், இங்கே இல்லாத அந்தப் பெண்ணுக்கும் என் நன்றி. வணக்கம்.