ஆப்பரேஷன் பிள்ளைக்கு உறைமோர்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், காஜா பேராங் ஊர்க் கிளினிக் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவள் நாத்தனாரும் நின்றார்கள். கைக்குழந்தைக்கு நான்கு நாளாகப் பேதியாம்.

“தானா பொறந்த பிள்ளைக்குத் தாய்கிட்டருந்து உறை சேரும் அண்ணி. இது ஆப்பரேஷன்ல எடுத்தது, உறை ஊத்தாத பால் மாதிரி. அதான் நேத்து நீங்க குளிக்கப் போனப்ப ஒரு சொட்டு மோர் நாக்குல வச்சேன்.”

தாய் கோபப்படவில்லை. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“நீயுமா? நான் முந்தாநாளே வச்சிட்டேன்.”

“சொல்லவே இல்லையே.”

“நீ ஏசுவேன்னு பயந்தேன்.”

“மிஸ்ஸிகிட்ட டின் பால் மட்டும்னு சொல்லிடலாமா?”

“அப்புறம் மருந்து தப்பாப் போச்சுன்னா?”

கதவு திறந்தது. “பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?” என்றாள் நர்ஸ் மிஸ்ஸி.

“டின் பால்,” என்றாள் தாய். பிறகு மெல்ல, “மோரும் குடுத்தோம். ஆளுக்கு ஒரு தடவ.”