ரெண்டு பக்கமும் பூட்டணும்

— வெளிய வந்து பேசுடா. லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு பேசினா நான் யாருகிட்டன்னு சண்டை போடறது? இவ்வளவு நேரமா உன் காலுகிட்டதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்.

— முடியாதுன்னு சொல்றதுக்குக் கால் போதும்க்கா. மூஞ்சி எதுக்கு?

— மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. கேட்டுக்கறேன்.

— இந்தா, வந்துட்டேன். இதான் மூஞ்சி. முடியாது. ஆமா, ஜீப்பு வந்த சத்தமே கேக்கலையே? நீ வந்து நிறுத்தினா பிரேக்கு கிறீச்சுன்னு கத்தும், அலமாரியில கிரீஸ் டப்பாவெல்லாம் ஆடும்.

— இன்னிக்கு மெதுவா வந்து நின்னுச்சு. அதெல்லாம் இருக்கட்டும். முன்சக்கரத்துக்கு லாக்கிங் ஹப் போட்டுத் தருவியா, மாட்டியா?

— நான் ஒண்ணு சொல்லட்டா? நாளைக்கு அந்த வண்டியைப் பார்க்க ஆள் வருது. அலைஞ்சு திரிஞ்சு நான் புடிச்ச ஆளு. விக்கப்போற வண்டிக்கு எவனாவது முன் ஆக்ஸிலைப் பிரிப்பானா?

— விக்கறேன்னு நான் சொன்னேனா?

— சொல்லல. ஆனா வெச்சு என்ன பண்ணப்போறே? தார் ரோட்டுல சிமெண்டு மூட்டை ஏத்தறதுக்கு எதுக்கு நாலு சக்கர இழுவை?

— மூட்டைக்கு இல்ல. மேல் ஊருக்கு. ஓடையைத் தாண்டி.

— என்னது?

— காது நல்லாத்தானே இருக்கு உனக்கு?

— அக்கா, அத்தானை அந்த ஓடையிலிருந்து தூக்கிட்டு வந்தது நான். இந்த ரெண்டு கையால. நடுத்தண்ணியில இடது முன்சக்கரத்து ஷாஃப்ட் முறிஞ்சு, வண்டி சரிஞ்சு, பாறையில அடிச்சு, தோள்பட்டை நொறுங்கி... இப்ப நினைச்சாலும் எனக்குச் சோறு இறங்காது. அங்கேயே திரும்பப் போறேங்கறே. அதுக்கு நானே வண்டி தயார் பண்ணித் தரணுமா?

— நீ பண்ணாம வேற யாரு பண்ணுவா? மேல் ஊருக்கு இப்ப ஒரு வண்டியும் போறதில்ல. போன வாரம் ஒரு பிள்ளைத்தாச்சியைக் கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு இறங்கியிருக்காங்க. வழுக்குப் பாறையில கட்டிலோட.

— தெரியும். கேட்டேன்.

— கேட்டுட்டு சும்மா இருக்க உன்னால முடியும். என்னால முடியல. சரி, இதைச் சொல்லு. அன்னிக்கு ஷாஃப்ட் ஏன் முறிஞ்சுது?

— தேஞ்சு போச்சு, முறிஞ்சுது.

— ஏன் தேஞ்சுது? சக்கரத்தையும் ஷாஃப்டையும் பிளேட்டு போட்டு எப்பவும் இறுக்கியே வெச்சிருக்கு. தார் ரோட்டுல போனாலும் அது சுத்துது, கடைக்குப் போனாலும் சுத்துது. எந்த இரும்புடா தாங்கும்? ஹப் போட்டா சேறு வரும்போது பூட்டிக்கலாம். மத்த நேரம் திறந்து விட்டா சக்கரம் அதுபாட்டுக்கு உருளும். ஷாஃப்டுக்கு ஓய்வு. ஸ்டீயரிங்கும் வெடுக்வெடுக்குன்னு இழுக்காது, லேசா இருக்கும்.

— யாரு சொல்லிக் குடுத்தா இவ்வளவும்?

— நீதான். வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் அளந்து விடறியே, ஒரு மூலையில உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்.

— உனக்கு எதுக்குக்கா லேசான ஸ்டீயரிங்? எருமையை மூக்கணாங்கயித்தைப் புடிச்சுத் திருப்பற மாதிரி ஒரே இழுப்புல திருப்பறவ நீ.

— லேசா இருக்கணும். அவ்வளவுதான். இந்தப் பையைத் திற.

— என்ன இது, செங்கல்லா? ஐயோ, ஹப்பு! ரெண்டு ஜோடி இருக்கே. எங்க புடிச்சே?

— பளபளன்னு இருக்கறது பார்ட்ஸ் கடையில. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடலாம்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். கறுப்பா கனமா இருக்கறது பழைய இரும்புக் கடையில. ஒரு நாள் முழுக்க அந்தக் குவியலைக் கிளறினேன். கடைக்காரன் என்னைப் பார்த்து, தொலைஞ்ச தோட்டைத் தேடறேன்னு நினைச்சுக்கிட்டான்.

— நான் ஒண்ணு சொல்லட்டா? ஹப்பு வாங்கறது பெரிசில்ல. ஷாஃப்டு நுனியில இருக்கற பல்லும் ஹப்புக்குள்ள இருக்கற பல்லும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காரணும். அதை எண்ணாம வாங்கினா...

— எண்ணிட்டேன். சக்கரத்து மூடியைக் கழட்டி, ஒரு பல்லு மேல சாக்பீஸ்ல கோடு போட்டு எண்ணினேன். வலது பக்கம் பத்து.

— சரிதான். பழைய மாடல், பத்துப் பல்லுதான்.

— இடது பக்கம் இருபத்தேழு. என்னடா மாட்டி வெச்சிருக்கே?

— அது... முறிஞ்சது ஷாஃப்டோட வெளித்துண்டு மட்டும்தான். அதே துண்டு கிடைக்கல. வேற வண்டியோட துண்டைப் போட்டு, அதுக்குச் சேர்ற பிளேட்டையும் மத்ததையும் போட்டுட்டேன். இனிமே தார் ரோட்டுக்குத்தானேன்னு...

— இனிமே தார் ரோட்டுக்குத்தான்னு நீயே முடிவு பண்ணிட்டே.

— ஆமா பண்ணினேன். உன் மேல இருக்கற பயத்துல பண்ணல, உன்னை நினைச்சு பயந்து பண்ணினேன். தப்பா?

— தப்பில்லடா. ஆனா நான் கேக்காத வேலை. சரி, எந்தப் பல்லு நல்லது? உண்மையைச் சொல்லணும்.

— இருபத்தேழுதான். துண்டும் தடிமன், பாரத்தையும் எல்லாப் பல்லும் பங்கு போட்டுக்கும்.

— அப்ப வலது பக்கத்தையும் இருபத்தேழா மாத்து.

— சொல்றது சுலபம். அந்தத் துண்டு நுழையற ஸ்பிண்டிலையும் மாத்தணும்.

— மாத்து.

— அது மேல உக்கார்ற பேரிங்கையும் மாத்தணும்.

— மாத்து.

— சீலு...

— ஒவ்வொண்ணா சொல்லி பயமுறுத்தறியா? எல்லாத்தையும் மாத்து. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். அரைகுறை வேலை எனக்கு வேணாம்.

— அரைகுறை வேலை என்னிக்கு நான் செஞ்சேன்?

— வலது பக்கம் பத்து, இடது பக்கம் இருபத்தேழு.

— சரி சரி, விடு. இந்த ரெண்டுல எது? பளபளப்பு பார்க்க லட்சணமா இருக்கு.

— அதோட பூட்டித் திறக்கற திருகைத் தட்டிப் பாரு. பிளாஸ்டிக். கை நிறைய சேத்தோட, குளிர்ல விரல் மரத்துப் போய்த் திருப்பணும். என் நகம் பிஞ்சாலும் பரவால்ல, திருகு பிய்யக்கூடாது. கறுப்புதான். அதுலயும் பல்லு இருபத்தேழு, வாங்கறப்பவே எண்ணிட்டேன்.

— உள்ள ஸ்பிரிங்கு துரு. கழுவி, மாத்தணும்.

— அப்ப பண்றேங்கறே.

— நான் எங்க சொன்னேன்? ஸ்பிரிங்கைப் பத்திச் சொன்னேன். அக்கா, இதைக் கேளு. ஹப்பைப் பூட்டணும்னா இறங்கித் திருப்பணும். ஓடைக்கரை சாய்வு. ஓட்டறவ வண்டியை விட்டு இறங்கி, வலது பக்கம் திருப்பி, சுத்திப் போய் இடது பக்கம் திருப்பி... அந்த நேரத்துல வண்டி நழுவினா பிரேக்கை எவன் மிதிப்பான்?

— ஆள் இருக்கு.

— எந்த ஆளு? ஸ்டாண்டுல பீடி குடிச்சுக்கிட்டு நிக்குமே, அந்தக் கும்பல்ல ஒண்ணையா? அவனுங்களை நம்பி என் அக்காவை நான்...

— நம்பற ஆளுதான். நீ கேள்வி கேளு, பாஸாகறேனான்னு பாரு.

— சரி. ஒரு பக்கம் பூட்டிட்டே. அவசரத்துல மறுபக்கம் மறந்துட்டே. என்ன ஆகும்?

— முன்பக்கம் இழுவையே வராது. பூட்டாத பக்கத்து ஷாஃப்டு வெட்டியா சுத்தும், பூட்டின சக்கரம் அசையாம நிக்கும். ரெண்டு பக்கமும் பூட்டினாத்தான் வண்டி ஏறும்.

— தண்ணிக்குள்ள இறங்கினப்புறம் ஞாபகம் வந்தா?

— வராது. கரையிலயே ரெண்டையும் பூட்டி, கையால ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் கையைக் காட்டுவேன்.

— யாருக்குக் கையைக் காட்டுவே?

— பேச்சுக்குச் சொன்னேன்டா.

— ம்... அத்தான் என்ன சொல்றாரு? வண்டின்னு வாயைத் திறந்தாலே எழுந்து போயிடுவாரே. நாற்காலியைச் சுவத்தைப் பார்த்துப் போட்டு உக்காந்துட்டு...

— நாற்காலி இப்ப வாசலைப் பார்த்து இருக்கு.

— வாசல்ல என்ன இருக்கு?

— வண்டி நிக்குது. கேட்டியா, தம்பி. நீ நல்லதுக்குத்தான் ஆள் புடிச்சே, நான் இல்லேங்கல. ஆனா அந்த வண்டியை இன்னொருத்தன் ஓட்டிட்டுப் போறதை அவரு பார்த்தா அதோட சரி. அப்புறம் அந்த மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைக்கமாட்டாரு. ராத்திரி தோள் வலியில முனகறதைக் கூட நான் தாங்கிக்கிட்டேன். ஒண்ணுமே பேசாம உக்காந்திருந்தாரே, அதைத்தான்டா தாங்க முடியல.

— அழாதேக்கா.

— அழல. லாரிப் புகை.

— லாரி ஓடவே இல்ல.

— வாயை மூடு. பண்ணுவியா?

— நாளைக்கு வர்ற ஆள்கிட்ட என்ன சொல்றது?

— வண்டி விக்கறதுக்கில்ல, வாடகைக்கு வேணும்னா மேல் ஊருக்கு வரும்னு சொல்லு.

— உன் வாய்க்கு முன்னாடி எந்த ஹப்பும் நிக்காது. சரி, பண்றேன். ஆனா ஒண்ணு. முதல் தடவை ஓடையைத் தாண்டும்போது நானும் கூட வருவேன். பின்சீட்டுல.

— நீ வராம எப்படி? வண்டி மாட்டிக்கிட்டா தள்ளறதுக்கு ஆள் வேண்டாமா?

— பின்சீட்டுன்னேன். அத்தானோட தோள் இருக்கற நிலைமைக்கு அவரை வீட்டுலயே விட்டுட்டுப் போகணும், இப்பவே சொல்லிட்டேன். சாவியைக் குடு. வண்டியை உள்ள எடுத்து ஜாக்கில ஏத்தறேன்.

— எங்கிட்ட ஏதுடா சாவி?

— வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டியா? தெருவுல நிக்கற வண்டியில?

— ஓட்டிட்டு வந்தவருகிட்ட இருக்கு. போய்க் கேளு, டிரைவர் சீட்டுலதான் உக்காந்திருக்காரு உன் அத்தான்.