சம்பந்தி போட்ட ரூம்

காலையில கோப்பி சூடா இல்லைன்னா எனக்கு அன்னைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடாது, சார். நீங்க குடுத்தது நல்ல சூடு. அதனால கேட்டதுக்கெல்லாம் நிதானமா பதில் சொல்றேன், எழுதிக்குங்க.

என் பேரு சன்னாசி. தம்பின் டவுனுக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்ல இருபத்தெட்டு வருஷம் ஆளுங்களை வேலை வாங்குற மண்டோரா இருந்தவன். கல்யாணம் என் தங்கச்சி தனலெட்சுமியோட மகன் மகேந்திரனுக்கு. பொண்ணு ரோகினி, புக்கிட் பெலண்டோக் முருகையாவோட மகள். இந்த முருகையா யாருன்னு நினைக்கிறீங்க? விடியக்காலை ஆள் எண்ணுற பெரட்டுல என் முன்னால கைகட்டி நின்னு, நான் பேர் கூப்பிட்ட பிறகு ரப்பர் மரத்துல பால் வெட்டப் போனவன். தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்காம எங்க வீட்டு மாப்பிள்ளை மணவறையில உக்கார மாட்டான். அப்பேர்ப்பட்டவனை எங்க தங்க வைக்கணும்னு அவனுக்குத் தெரிய வேணாமா?

சிரம்பான்ல ஹோட்டல் போட்டிருக்கோம், மூணு ஸ்டாரு, ஜன்னலைத் திறந்தா ஏரி தெரியும்னு போன்ல படம் அனுப்பினான். வெள்ளிக்கிழமை போய்த் திறந்து பார்த்தேன். பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான் தெரிஞ்சுது. ஏர்கோன்ல காத்து வரல, தண்ணிதான் ஒழுகுச்சு. கீழ ஒரு வாளி வச்சிருந்தாங்க. சுடுதண்ணி கிடையாது. இருந்த ஒரே துண்டுலயும் எவனோ மீசைக்கு அடிச்ச மை. மறுநாள் பசியாறக் கீழ போனா காஞ்ச ரொட்டி, ஆறிப்போன கோப்பி.

கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட கேட்டேன். "அங்கிள், ப்ரொமோஷன் ரூம்னா இப்படித்தான்லா"ன்னு சொல்லிட்டுப் போனைப் பார்த்துச்சு. ப்ரொமோஷன். மலிவுல கிடைச்சதுல என்னைத் தூக்கிப் போட்டிருக்கான். காசு அவனோடது, போனாப் போகுது. மரியாதை என்னோடது இல்லையா?

முருகையாவுக்குப் போன் போட்டேன். "மண்டோரையா, படத்தைப் பார்த்து நாங்களும் ஏமாந்துட்டோம். கல்யாண வீடு, கை ஓயல. சாயங்காலத்துக்குள்ள ஏதாச்சும் பண்றேன்"னான். கை ஓயலையாம். நான் கத்தல. பெரட்டுலயும் நான் கத்தினது கிடையாது. எதிர்த்துப் பேசுறவனுக்குப் பால் வராத மர வரிசையாப் பார்த்து வெட்டுறதுக்கு நிரை குடுப்பேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை அஞ்சரை மணிக்குத் தனலெட்சுமிகிட்டப் பேசினேன். சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொல்றேன். "ரோகினியை ஹோட்டல்ல பார்த்தேன். கூட ஒரு ஆம்பள. ரெண்டு பேரும் லிஃப்ட்ல மேல வந்தாங்க. நலங்கு வச்ச மஞ்சள் கூட இன்னும் காயல." இதுல எது பொய்? நலங்கு வச்ச பொண்ணு வாசல் தாண்டக் கூடாதுன்னு எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். தாண்டினா என்ன நினைப்பாங்கன்னும் தெரியும். அதை நான் என் வாயால சொல்லவே இல்ல.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலயே கல்யாணம் நின்னுச்சு. மகேந்திரன் போனை அடைச்சுட்டான். மறுநாள் முருகையா மண்டபத்து வாசல்ல நின்னு வர்றவங்களை ஒவ்வொருத்தரா திருப்பி அனுப்பினானாம். கேட்டப்போ எனக்கு மனசு கொஞ்சம் ஆறுச்சு, மறைக்கல. திங்கட்கிழமை அந்தப் புள்ள ரோகினி பூச்சி மருந்தைக் குடிச்சிருச்சு. புதன்கிழமை ஆஸ்பத்திரில உசுரு போச்சு. அதுக்காகத்தானே என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கீங்க.

கூட வந்த ஆம்பள யாருன்னு கேட்டீங்க. ஹோட்டல்ல சாமான் தூக்குற ஆள். அவன் தூக்கிட்டு வந்தது முருகையா வீட்டு மேசை ஃபேன். போனது என் ரூமுக்கு. ரோகினி, மஞ்சள் பூசின மூஞ்சைத் துப்பட்டாவால மூடிக்கிட்டு, வீட்டுல யாருக்கும் சொல்லாம, வாடகைக் கார் பிடிச்சு வந்திருந்துச்சு. மாமியாருக்கு அண்ணன், முறைக்கு நான் அதுக்குப் பெரியப்பா. "பெரியப்பா, அப்பா மேல கோவம் வேணாம். நாளைக்கு நீங்க வந்து நிக்கலைன்னா அப்பா உடைஞ்சு போயிருவாரு"ன்னு காலைத் தொட்டுச்சு. நல்லா இரும்மான்னு சொல்லித்தான் அனுப்பினேன்.

தனலெட்சுமி ஒண்ணும் அவசரப்படல, அதையும் எழுதிக்குங்க. சனிக்கிழமையே பொண்ணு வீட்டுல விசாரிச்சுட்டுத் திரும்ப எனக்குப் போன் போட்டுச்சு. "அண்ணே, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்னு அந்தப் புள்ள கதறுது. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்குத் தாலி கட்டிரலாம்"னு கெஞ்சுச்சு. நான் சட்டையைக் கழட்டிட்டுக் கட்டில்ல சாஞ்சிருந்தேன். அந்த ஃபேன் பக்கத்துல ஓடிக்கிட்டிருந்துச்சு, நல்ல காத்து.

"என் ரூமுக்கு யாரும் வரலியேம்மா"ன்னு சொன்னேன்.