இருபதிலிருந்து ஒன்று வரை

பெயர் வெற்றிச்செல்வி, வயது 27, தந்தை பெயர் சாமிதுரை, தொழில் குத்துச்சண்டை. சொந்த ஊர் அரியலூர் மாவட்டம் ஆண்டிமடம், தற்போது பெரம்பலூர் துறைமங்கலத்தில் வாடகை அறையில் குடியிருப்பு. 21.08.2025 வியாழக்கிழமை காலை, யாரும் அழைக்காமல் தானாகக் காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொன்னது. கிழமை கேட்டபோது முதலில் ஞாயிறு என்று சொல்லி, பிறகு வியாழன் என்று திருத்திக்கொண்டார்.

எங்களுக்கு ஆண்டிமடத்தில் ஒன்றரை ஏக்கர் முந்திரி உண்டு. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு பையனின் பல்லை உடைத்துவிட்டேன். எல்லா ஆசிரியர்களும் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். விளையாட்டு ஆசிரியர் மட்டும் எந்தக் கையால் குத்தினாய் என்று கேட்டார். இடது கை என்றேன். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அதன்பிறகு மாவட்டம், மாநிலம் என்று ஆடி ஒரு வெண்கலம் வாங்கினேன். அந்த வெண்கலத்தை வைத்து எங்கேயும் வேலை கிடைக்காததால் 23 வயதில் தொழில்முறை லைசென்ஸ் எடுத்தேன். இதுவரை பத்து மேட்ச், அதில் ஏழு ஜெயம்.

இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட மஞ்சு, வயது 24, வேப்பந்தட்டையைச் சேர்ந்தவர். என்னுடன் ஒரே அறையில் இருப்பவர். இருவருக்கும் பயிற்சி கொடுப்பவர் தர்மராஜ் மாஸ்டர். எங்கள் எடையில் தொழில்முறையில் ஆடும் பெண்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. அதனால் வருடத்துக்கு ஒருமுறை எங்களையே எதிரெதிரே நிறுத்துவார்கள். காலையில் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய் அடித்துக்கொள்வோம். அறைக்குத் திரும்பியதும் ஜெயித்தவர் தோற்றவரின் கையுறைக்குள் சுற்றும் கைக்கட்டுத் துணியைப் பிரித்துவிட வேண்டும், அன்றைய சமையலும் ஜெயித்தவருடையது. இது எங்களுக்குள் நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம்.

2023-ஆம் வருடம் சென்னையில் ஒரு மேட்ச் முடிந்ததும் டாக்டர் என்னிடம் இது எந்த ஊர் என்று கேட்டார். ஆண்டிமடம் என்றேன். தொண்ணூறு நாள் ஆடக்கூடாது என்று எழுதிவிட்டார். அந்தத் தொண்ணூறு நாளும் சும்மா உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. மேட்ச் டாக்டர்கள் கேட்பது எப்போதும் ஒன்றேதான். பெயர், ஊர், கிழமை, எதிராளி பெயர், பிறகு இருபதிலிருந்து ஒன்று வரை தலைகீழாக எண்ண வேண்டும், கடைசியில் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்ட வேண்டும். இதை மனப்பாடம் செய்துவிட்டால் தலையில் எவ்வளவு அடி பட்டாலும் வாய் சொல்லிவிடும் என்று நினைத்தேன். நான் பழகியதோடு மஞ்சுவையும் பழக்கினேன். ஒவ்வொரு மேட்சுக்கும் பத்து நாள் முன்பிருந்து ஊர், கிழமை, எதிராளி ஆகியவற்றை அந்த மேட்சுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வோம். காலையில் அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஓடும்போது நான் கேட்பேன், அவள் சொல்வாள். கையைத் தூக்கியபின் நான் போதும் என்று சொன்னால்தான் இறக்க வேண்டும். மஞ்சு பதினான்கை மட்டும் எப்போதும் விட்டுவிடுவாள். பதினைந்துக்குப் பிறகு பதிமூன்று என்று போய்விட்டு அவளே சிரிப்பாள். எத்தனையோ முறை திட்டியும் அந்தப் பதினான்கு வரவே இல்லை.

03.08.2025 ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் மேட்ச் நடந்தது. ஆறு ரவுண்டு. நான்காவது ரவுண்டில் என் இடது கை அவள் வலது காதுக்கு மேலே இறங்கியது. விழுந்தாள். நடுவர் எட்டு எண்ணும்போது எழுந்துவிட்டாள். அதன்பிறகு மீதி இரண்டு ரவுண்டும் ஆடினாள். முன்பைவிட நன்றாகவே ஆடினாள். ஆனால் நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவள் கண் என் தலைக்கு மேலேயே நின்றது. ஜெயம் எனக்கு அறிவிக்கப்பட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

அதன்பிறகு மேட்ச் டாக்டர் இஃப்பத் மேடை ஏறி மஞ்சுவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, "உன் பேரு என்னம்மா?" என்று தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டார். மஞ்சு தடங்கல் இல்லாமல் சொன்னாள். எண்ணும்போது பதினான்கு வந்தது. நான் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் சொன்ன வேகமும் மூச்சு வாங்கிய இடமும் நான் சொல்லிக்கொடுக்கும்போது எப்படியோ அப்படியே இருந்தன. சிரிப்பு இல்லை. சரி இல்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அவளுக்கு அடுத்த மாதம் துபாயில் மேட்ச் பேசியிருந்தார்கள், நான் சொன்னால் அது போய்விடும். அடித்ததும் இவள், கெடுத்ததும் இவள் என்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு ஆட்டோவில் அறைக்குப் போனோம். ஆட்டோக்காரர், "எங்கம்மா போவணும்?" என்று கேட்டதற்கு மஞ்சு, "மஞ்சு. பெரம்பலூர். ஞாயித்துக்கிழமை. வெற்றிச்செல்வி" என்றாள். ஆட்டோக்காரர் சிரித்தார். முன்னால் உட்கார்ந்திருந்த மாஸ்டரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அறையில் வழக்கப்படி அவள் கைக்கட்டைப் பிரித்தேன். துணி முழுவதும் வந்த பிறகும் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். மறுபடியும் பெயரில் தொடங்கி ஒன்று வரை எண்ணி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் அடுப்பில் அரிசி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் அப்படியே நின்றாள். போதும் என்றேன். இறக்கினாள். பிற்பகல் மூன்று மணிக்கு வாந்தி எடுத்துக் கீழே விழுந்தாள். 108-க்குச் சொல்லி, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றே மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள்.

12.08.2025 அன்று மஞ்சுவின் அம்மா ரெங்கம்மாள் எனக்குப் போன் செய்தார். "ஏ வெற்றி, எம்புள்ள பேசிட்டா! பேரு கேட்டேன் சொன்னா, ஊரு கேட்டேன் சொன்னா. சீக்கிரம் வா" என்று அழுதார். நான் போனேன். என் எதிரிலேயே அம்மா மறுபடி கேட்டார். மஞ்சு என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, பெரம்பலூர் என்றாள். ஞாயிறு என்றாள். அன்று செவ்வாய், ஊர் திருச்சி. "படுத்தே கெடந்தா ஊரும் கெழமையும் எப்புடித் தெரியும்?" என்றார் அம்மா. பதினான்கும் விடாமல் ஒன்று வரை வந்ததும், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையோடு சேர்த்து இரண்டு கையையும் தூக்கினாள். மகள் தன்னைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டுகிறாள் என்று அம்மா குனிந்தார். கைகள் அவரைத் தொடவில்லை, மேலேயே நின்றன. நர்ஸ் இறக்கிவிட்டும் திரும்ப எழும்பின. நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லப் போதும் என்றேன். இறங்கின. அம்மா நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

அதன்பிறகு நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்டுப் பார்ப்போம் என்று அவள் காதருகே, "பசிக்குதாடி?" என்றேன். பிறகு, "மஞ்சு. பெரம்பலூர்" என்று ஆரம்பித்தாள். எனக்கு அங்கே நிற்கப் பயமாக இருந்தது. அவள் உள்ளே எங்கேயோ இருக்கிறாள், வாசலில் பதில் சொல்ல என்னை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள் என்று தோன்றியது.

டாக்டர் இஃப்பத் சரியாகச் சோதிக்கவில்லை என்று ரெங்கம்மாள் புகார் கொடுத்ததாகவும், அவரைக் கைது செய்யக்கூடும் என்றும் நேற்றுக் கேள்விப்பட்டேன். மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "எழுதிக் குடுத்துராத தாயி. லைசென்ஸ் போயிடும், உன்னையும் உள்ள தூக்கி வச்சிருவாங்க" என்றார். டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில் என்னுடையது. அடித்ததும் நான், அடி தெரியாமல் மூடியதும் நான்.

மஞ்சுவிடம் அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டால்தான் மகளின் குரல் வருகிறது. கேட்டுவிட்டு, கை தூக்கியதும் எனக்குப் போன் செய்து மஞ்சுவின் காதில் வைப்பார். நான் போதும் என்று சொல்வேன். இன்று காலை இங்கே வரும் வழியில் இரண்டு முறை சொன்னேன். வேறு யார் சொல்லியும் கை இறங்குவதில்லை. என்னைக் கைது செய்வதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் போனை மட்டும் வாங்கி வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடி இருக்கிறது. ஆரம்பத்தில் தவறாகச் சொன்ன கிழமை ஒன்றுதான் வாய் தானாகச் சொன்னது. மற்ற எல்லாம் நான் யோசித்துச் சொன்ன உண்மை.

(ஒப்பம்) சா. வெற்றிச்செல்வி
பெரம்பலூர்
வியாழக்கிழமை