ஒன்பதாம் தீர்மானத்துக்குக் கை தூக்கும் முன்

இந்த ஊர்க் கூட்டத்தை நடத்தித் தரும் அவைத் தலைவி திருமதி ராண்ட் அவர்களே! ஆண்டு முழுதும் எங்கள் ஏச்சையும் பேச்சையும் தாங்கிக்கொண்டு மூன்று நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பொறுப்பாளர்களே! பின்சுவரில் சாய்ந்து நிற்கும் தீயணைப்புப் படையினரே! வாசல் பனியைத் தள்ளி, வழி செய்துகொண்டு வந்து சேர்ந்த பெரியோர்களே! மடியில் மழலையும் விரலில் பின்னல் ஊசியுமாக, ஒரு கண் கம்பளியிலும் ஒரு கண் மேடையிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! வாக்காளர் அட்டை இல்லாததால் பக்கவாட்டு பெஞ்சில் அமர்ந்திருக்கும் என் தோழர்களே! அனைவருக்கும் என் பணிவான காலை வணக்கம்.

எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. வாக்காளர் அல்லாத ஒருத்தி இந்த ஹோல்ட்ஸ் மில் ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க வேண்டுமானால் நீங்கள் அனுமதி தர வேண்டும். மஞ்சள் அட்டையை உயர்த்தித் தந்தீர்கள். உயர்த்தியவர்களுக்கு நன்றி. உயர்த்தாதவர்களுக்கும் நன்றி, யார் யார் என்று மேடையிலிருந்து நன்றாகவே தெரிந்தது.

என்ன? காதில் விழவில்லையா? இப்போது? சரி, இன்னும் கிட்டே நின்று பேசுகிறேன். நான் ஒடீல் பெல்ஷா. சாலையோர உணவகத்தில் விடியற்காலையில் உங்களுக்குக் காபி ஊற்றுகிறவள். பள்ளியைப் பாதியில் விட்டவள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்பதைத் தவிர உங்களில் பலரிடம் நான் வேறு எதுவும் பேசியதில்லை. இன்று பேச வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் தீர்மானம் என்ன சொல்கிறது? "இவ்வூர்த் தீயணைப்புப் படையில் இவ்வூர் வாக்காளர்கள் மட்டுமே இடம்பெறலாம்." ஒரே வரி. அழகான வரி. படையில் வாக்காளர் அல்லாதவர்கள் எத்தனை பேர்? ஒருவர். அவர் பெயர் ரேஜான் பெல்ஷா. என் அப்பா. பெயரைச் சொல்லாமல் ஒரு மனிதரைப் பற்றி எழுதப்பட்ட தீர்மானம் இது. பெயரை நான் சொல்லிவிட்டேன். இனி நாம் முகத்துக்கு நேராகப் பேசலாம்.

போன ஆண்டுக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். புதிய தீயணைப்பு வண்டி வாங்குவதா, வேண்டாமா? வாங்கலாம் என்று பாதிக் கைகள். வேண்டாம் என்று பாதிக் கைகள். திருமதி ராண்ட் ஒரு முறை எண்ணினார், மறுமுறை எண்ணினார். சரிபாதி! சமமாக வந்தால் தீர்மானம் தோற்றது என்பது நம் ஊர் வழக்கம். "இன்னும் கை தூக்காதவர் யாராவது உண்டா?" என்று அவர் கேட்டார்.

உண்டு என்று நினைத்தார், தீயணைப்புப் படைத் தலைவர் மெர்ல் கோர்லிஸ். ஒவ்வோர் ஆண்டும் கூட்டத்து மதிய உணவுக்குப் பட்டாணி சூப் வைக்கிறவர் என் அப்பா. மெர்ல் மாமா சமையலறைக்கு ஓடினார். நான் அங்கே ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தேன்.

"டேய் ரேஜ், கரண்டிய வைடா! ஒரே ஒரு கை கொறையுது. வா!"

"என்னால முடியாது, மெர்ல்."

"சூப்பு தீஞ்சா தீஞ்சுட்டுப் போவுது. அங்க வண்டி போவப் போவுதுடா!"

"சூப்புக்காக இல்ல."

"பின்ன என்ன, கையில சுளுக்கா?"

கட்டியிருந்த சமையல் மேலங்கியோடு அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து இதோ, இந்த இடத்தில் நிறுத்தினார். நீங்கள் கைதட்டினீர்கள். "வந்தான்யா வீரன்!" என்று யாரோ விசிலடித்தீர்கள். முன்வரிசையில் இருந்த ஓர்ஃபா டன்னிங் அம்மா ஒரு மஞ்சள் அட்டையை நீட்டினார்.

"எங்க வீட்டுக்காரரு கன்னு போடற மாட்டப் பாக்க ஓடிட்டாரு. அவரு அட்டை சும்மாதான் கெடக்குது. புடி, தூக்கு, வேலைய முடி. பசிக்குது!"

அட்டை அப்பாவின் கைக்கு வந்துவிட்டது. என் அன்புக்குரியவர்களே, அந்த நொடியை எண்ணிப் பாருங்கள்! கை தூக்கியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? யார் தடுத்திருப்பார்கள்? வண்டி வந்திருக்கும். வாழ்த்து வந்திருக்கும். வயிற்றுக்குச் சூப்பும் வந்திருக்கும். அப்பா அட்டையைப் பார்த்தார். மெல்ல அதை நாற்காலியில் வைத்தார்.

"நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லீங்க. மூணு வயசுல எல்லைக்கு அந்தப் பக்கம், கியூபெக்லேருந்து எங்கம்மா தூக்கிட்டு வந்தாங்க. கிரீன் கார்டு இருக்கு. ஓட்டு இல்ல."

சிலர் சிரித்தீர்கள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தீர்கள். மெர்ல் மாமா சிரிக்கவில்லை.

"நீ பட்டாளத்துல இருந்தவன்டா! என்கூட இராக்குக்கு வந்தவன்டா!"

"அதுக்குக் கிரீன் கார்டு போதும்னாங்க, மெர்ல்."

வண்டி தோற்றது. கோடையில் பழைய வண்டியின் பம்பு பாதியில் நின்றது. டன்னிங் வீட்டுக் கொட்டகை கண்முன்னே எரிந்து சாம்பலானது. மாடுகள் பிழைத்தன, மனிதர்கள் பிழைத்தார்கள், ஆனால் ஒரு பேச்சு பிறந்தது. "அந்த ஒரு கை இருந்திருந்தா?" கடையில் அதே பேச்சு. தேவாலயப் படியில் அதே பேச்சு. நான் காபி ஊற்றும் மேசையிலும் அதே பேச்சு. நான் வந்தால் மட்டும் நின்றுவிடும் பேச்சு. அந்தப் பேச்சு வளர்ந்து வளர்ந்துதான் இன்று ஒன்பதாம் தீர்மானமாக நம் முன் நிற்கிறது.

அந்த ஒரு கை! நானும் கேட்கிறேன். அன்று குறைந்துபோனது ஒரு கைதானா?

போன ஆண்டுக் கூட்டத்தன்று வெயில் எப்படி அடித்தது, நினைவிருக்கிறதா? இரவெல்லாம் உறைந்து, பகலில் இளகி, மேப்பிள் மரங்கள் அந்த ஆண்டில் முதன்முதலாக இனிப்பு நீர் விட்ட நாள் அது. மலை முழுக்கப் பாகு காய்ச்சும் புகை. வாசல் மேசையில் வாங்க ஆளில்லாமல் மஞ்சள் அட்டைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அட்டைக்கு உரியவர்கள் எங்கே? அடுப்படியில்! மரம் காத்திருக்காது, கூட்டம் காத்திருக்கும் என்று நினைத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒரே ஒருவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தால்? யார் யார் என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை...

என்ன மெர்ல் மாமா? சொல்லச் சொல்கிறீர்களா?

எல்லோருக்கும் கேட்டதா? "எம் பசங்க ரெண்டு பேரும்தான். சொல்லிடு புள்ள" என்கிறார். நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். சிரிக்காதீர்கள். ஊர் முன்னால் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

டன்னிங் அம்மாவும் என்னிடம் ஒன்று சொன்னார். கொட்டகை எரிந்த வாரம், காபி குடிக்க வந்தபோது சொன்னார்.

"கிறுக்கச்சி மாதிரி நாந்தான் அட்டைய நீட்டினேன். உங்கப்பன் அதத் தூக்கியிருந்தா ஜெயிலுக்குப் போயிருப்பான். அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளியிருப்பாங்க. நான் பசிக்குதுன்னு கத்திக்கிட்டு இருந்தேன், பாரு!"

மறுபடியும் மெர்ல் மாமாவின் குரல். என்ன கேட்கிறீர்கள்? "எங்கிட்ட ஏன் சொல்லல?"

அது நியாயமான கேள்வி. இந்தத் தீர்மானத்தை எழுதியது சட்டமல்ல, அந்தக் கேள்விதான் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவின் வாயால் வர வேண்டிய பதில் அது. அவரால் முடியவில்லை, என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் தருகிறேன்.

மெர்ல் மாமா, இராக்கில் நீங்கள் இருந்தபோது ஒரு தேர்தல் வந்தது. ஊரிலிருந்து தபாலில் வாக்குச் சீட்டுகள் வந்தன. அன்று மணல் காற்று. லாரியின் முன்பக்கத்து மூடிமேல் வைத்து எல்லோரும் சீட்டை நிரப்பினீர்கள். காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் ஒவ்வொரு சீட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார்? என் அப்பா. அப்போது நீங்கள் கேட்டீர்கள்.

"உன்னுது எங்கடா?"

"நான் நேத்தே போட்டுட்டேன்."

அது பொய். அந்த ஒரு பொய்தான் அவர் உங்களிடம் சொன்னது. "அத்தன பேரு நடுவுல எனக்கு மட்டும் இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார் என்னிடம். திரும்பி வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தார். வந்ததும் இந்த மேடையில் உங்கள் இருவரையும் நிற்கவைத்து ஊரே மரியாதை செய்தது. "இந்த ஊரின் இரண்டு குடிமக்கள்" என்று நீங்கள் அவர் தோளில் கை போட்டுச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஓராண்டு போனால் இன்னும் கடினம். பத்தாண்டு போனால்? கூட்டத்தன்று சமையலறையில் நின்றுகொண்டால் கையில் அட்டை இல்லாதது யார் கண்ணிலும் படாது. அவர் சூப் வைக்க வந்த கதை அதுதான், தாய்மார்களே. சூப் நன்றாக இருந்தது தற்செயல்.

அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கலாம். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு வழி எளிது. "ஒருவாட்டி கை தூக்கி உறுதி சொல்லித்தான பட்டாளத்துல சேந்தேன், மறுபடி எதுக்குடா பரீட்சை?" என்று வீம்பு. இந்தக் குளிர்காலத்தில் வீம்பை விட்டு விண்ணப்பம் போட்டுவிட்டார். பரீட்சைக்குப் படிக்கிறார். கேள்வி கேட்பவள் நான். பள்ளியை விட்டவள் வாத்தியாராகிவிட்டேன், பாருங்கள்!

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய பொறுப்பு ஒன்னு சொல்லுங்கப்பா."

"நாட்டுக்காகப் போருக்குப் போறது."

"தப்பு."

"என்னது தப்பா? சரியாப் பாரு."

"ஜூரியா உக்காருறது. தேர்தல்ல ஓட்டுப் போடறது. ரெண்டுல ஒன்னு சொல்லணும். போருக்கு யாரு வேணும்னாலும் போகலாம்ப்பா. நீங்களே போனீங்களே."

கத்தியைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். "அப்ப, கஷ்டமானத எனக்குக் குடுத்துட்டு, முக்கியமானத அவங்க வச்சிருக்காங்க."

பெரியோர்களே! தாய்மார்களே! அன்று முழுதும் நான் காபி ஊற்றிக்கொண்டே இதை எண்ணினேன். உயிரைக் கொடுக்க அட்டை தேவையில்லை. எரியும் வீட்டுக்குள் நுழைய அட்டை தேவையில்லை. மணல் காற்றில் மற்றவர் சீட்டை அழுத்திப் பிடிக்க அட்டை தேவையில்லை. அப்படியானால் அட்டை எதற்கு? வந்து உட்காருவதற்கு. வாதத்தைக் கேட்பதற்கு. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று கையை உயர்த்துவதற்கு. எவ்வளவு சிறிய வேலை! எவ்வளவு எளிதாக விட்டுவிடுகிறோம்! குண்டு இல்லை, குருதி இல்லை, குளிர்ந்த மண்டபத்தில் கடினமான நாற்காலி மட்டும்தான். அந்தச் சிறிய வேலையை நம்பித்தான் அந்தப் பெரிய வேலைகள் எல்லாம் நடக்கின்றன. சிப்பாயை எங்கே அனுப்புவது என்பதும், தீயணைப்பவருக்கு நல்ல பம்பு உண்டா இல்லையா என்பதும் உங்கள் மடியில் கிடக்கும் அந்த மஞ்சள் அட்டையில்தான் தொடங்குகின்றன.

இன்று காலை புதிய வண்டிக்கு நிறைவாகக் கை தூக்கினீர்கள். மனமார நன்றி. இப்போது அந்த வண்டியில் யார் ஏறலாம் என்று சொல்லப் போகிறீர்கள்.

நேற்று மாலை அப்பா தன் தீயணைப்புக் கோட்டைத் துவைத்து அடுப்பருகே காயவைத்தார். மடித்து என் கையில் கொடுத்தார்.

"ஓட்டு எதிராப் போச்சுன்னா மெர்ல்கிட்ட குடுத்துடு."

"உங்களுக்குக் கோவமே வரலயாப்பா?"

"வராம? ஆனா ஊரே கூடி கையத் தூக்கிச் சொன்னா கட்டுப்படணும், ஒடீல். அப்படிக் கட்டுப்படற ஆளாகணும்னுதான மனு போட்டிருக்கேன்."

கோட்டு இதோ, இந்த மேசைமேல் இருக்கிறது. எனக்காக இரக்கப்பட வேண்டாம். அப்பாவின் போருக்காகவும் இரக்கப்பட வேண்டாம். அதற்கு அவர் விலை கேட்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. வெளியே வெயில் ஏறுகிறது. மலையில் மரங்கள் நீர் விடத் தொடங்கியிருக்கும். கதவருகே நிற்பவர்களே, கையுறையை மாட்டாதீர்கள்! கொஞ்சம் பொறுங்கள். இவர் வேண்டும் என்றால் வேண்டும் என்று தூக்குங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று தூக்குங்கள், அவர் முகத்தைப் பார்த்தே தூக்குங்கள். அவர் சூப்பை இறக்கி வைத்துவிட்டு வந்து, பக்கவாட்டு பெஞ்சில் எனக்கு விட்டுவைத்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, 'மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்று என் அப்பாவின் விதியை முடிக்க வேண்டாம். அதை மட்டும் எங்களால் தாங்க முடியாது.

பேச இடம் தந்த அவைத் தலைவிக்கும், குறுக்கே கேட்டாலும் நேர்மையாகக் கேட்ட மெர்ல் மாமாவுக்கும், ஊசியை நிறுத்திவிட்டுச் செவி சாய்த்த தாய்மார்களுக்கும், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி கேட்ட உங்கள் எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, என் அப்பாவின் பக்கத்தில் போய் அமர்கிறேன். வணக்கம். இனி எண்ணுங்கள்.