மனிதர்தான் என்று உறுதிசெய்க

காபி நன்றாக இருக்கிறது, ஐயா. விசாரணை அலுவலகத்தில் இப்படி ஒரு காபி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்பதைக் கேளுங்கள், சொல்கிறேன்.

என் பெயர் வஜீஹ். இங்கே லெபனானில், திரிப்போலியில் இலவசமாக மருந்து தருகிற ஒரு அறக்கட்டளையின் இணையதளத்துக்கு நான்தான் காவல். கடைகளில் மருந்து இல்லாத காலம் இது. சரக்கு வந்ததும் தளத்தில் அறிவிப்போம். முந்திப் பதிந்தவருக்கு மாத்திரை. இப்படி ஒரு தளம் இருந்தால் எந்திரங்கள் ஈயாக மொய்க்கும். கள்ளச்சந்தைக்காரன் ஏவிவிட்ட நிரல்கள் மனிதர்போல உள்ளே நுழைந்து, இருப்பதையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். அவற்றை அடையாளம் கண்டு விரட்டத்தான் எனக்குச் சம்பளம். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்.

எல்லா எந்திரமும் கெட்டதில்லை. தேடுபொறி அனுப்புவது ஒன்று வரும். தளம் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி தட்டிப் பார்ப்பது ஒன்று வரும். இவை நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். வரும்போதே பெயரும் ஊரும் சொல்லும், சீராகத் தட்டும், பார்த்துவிட்டுப் போய்விடும். அவற்றை ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட ஏற்பாடு செய்திருந்தேன். மனிதர்களிடம் அந்த ஒழுங்கைக் காண முடியாது.

இந்த ஊரில் குப்பே மேடு என்கிற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கரண்ட் வருவதில்லை. தெரு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் அத்தனை வீடும் ஒரே நொடியில் விழித்து, அத்தனை போனும் ஒரே நொடியில் மருந்து தேடும். இணையமும் ஒரே ஆள் இழுத்துப் பிரித்துக் கொடுத்த கம்பி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான தட்டல். எந்திரத்தின் லட்சணம் அதுதான். என் விதி அவர்களை வாசலிலேயே நிறுத்தியது.

அவர்கள் மனிதர்கள் என்று எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். தெரியும். நான் பிறந்த தெரு அது. என் தங்கை சுஹாத் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவள் மகள் லமீஸுக்கு வலிப்பு நோய். மாத்திரை தவறக் கூடாது.

சுஹாத் போன் செய்தாள்.

"அண்ணே, உன் சைட் என்னை மெஷின்னு சொல்லுது."

"படம் காட்டும் பாரு. சிக்னல் விளக்கு இருக்கற படத்தைத் தொடு, விட்டுடும்."

"நம்ம ஊர்ல சிக்னல் எரிஞ்சு எத்தனை வருஷமாச்சு? எரியாத விளக்கும் கணக்குல சேர்த்தியா இல்லையான்னு யோசிக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சுதுங்குது. மாத்திரை தீரப்போவுது. என் போனை மட்டும் விடச் சொல்லேன்."

"அது வாஸ்தா, சுஹாத். நான் அதைச் செய்யறதில்ல."

வாஸ்தா என்கிற சிபாரிசில்தான் இந்த நாடே நாறிக் கிடக்கிறது. மந்திரியின் மச்சானுக்கு ஒரு வாசல், மற்றவனுக்கு ஒரு வாசல். என் தளத்தில் அது கிடையாது என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

சுஹாத் விடவில்லை: "என் வீட்ல சோறு அடைச்ச கூசா தின்னுக்கிட்டே சொன்னியே, நல்ல மெஷினுக்கெல்லாம் கதவு திறந்து வெச்சிருக்கேன்னு. என் பொண்ணையும் அதுல ஒண்ணா சேத்துக்கோ."

நான் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

அதற்குப் பிறகு விதியை இன்னும் இறுக்கினேன். சொந்தக்காரி கேட்டாள் என்று தளர்த்திவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம். முன்பெல்லாம் தளத்துக்கு வந்துபோவதைக் காட்டும் வரைபடம் மேடும் பள்ளமுமாகத் துள்ளும்; இப்போது இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரே சமம். வருகிறவை எல்லாம் என் நல்ல பிள்ளைகள்தான். இயக்குநர் மதாம் நவாலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. புகாரே இல்லை என்று கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். புகார் எழுதும் பக்கமும் அதே வாசலுக்கு உள்ளேதான் இருந்தது. மருந்து தேங்கியது. தேவை குறைந்துவிட்டது, ஊர் குணமாகி வருகிறது என்று நன்கொடையாளர்களுக்கு அவர் எழுதினார். அந்த வரி எனக்கும் பிடித்திருந்தது.

ஆமாம், வலிப்பு மாத்திரையும் தேங்கியது. என் நாற்காலிக்குப் பின்னாலிருந்த அலமாரியில்தான் இருந்தது. கையை நீட்டினால் எடுக்கலாம். பதியாதவருக்குக் கொடுப்பது திருட்டு இல்லையா, ஐயா? பூட்டு சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்வேன்.

லமீஸுக்கு வந்த வலிப்பு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பெட்டியைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கசப்புக் காபி ஊற்றியதும் நான்தான். சுஹாத் என் கையிலிருந்து வாங்கவில்லை. எனக்கு மனசு வலித்தது. லமீஸ் எனக்கும் மருமகள்தானே.

என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள். துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக சுஹாத்தின் போனை நல்ல எந்திரங்களோடு சேர்த்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வாஸ்தா. இனி அவளிடம் யாரும் படம் காட்டிக் கேட்க மாட்டார்கள், தொட்டதும் திறக்கும். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் வாசலை அடைத்தேன் என்று உங்களிடம் எழுதிக்கொடுத்திருக்கிறாள். இத்தனை நாளில் ஒரு தடவையாவது வந்து தட்டிப் பார்த்தாளா என்று அவளையும் கேளுங்கள்.